ஒரு மணி நேரப் பயிற்சியால் பிரசவ அறையில் இனப் பாகுபாடு குறையுமா? (கலிஃபோர்னியா சட்டம்)

மீனா_ஆர்என்:

வணக்கம். சாக்ரமெண்டோ பக்கம் ஒரு மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் பதினோரு வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். போன வாரம் இரவு ஷிஃப்டில், இரண்டு பிரசவத்துக்கு நடுவே கிடைத்த இடைவெளியில், 'உள்மனச் சார்பு' (நமக்கே தெரியாமல் ஓர் இனத்தாரை வேறு மாதிரி நடத்த வைக்கும் மனப்போக்கு) பற்றிய பயிற்சியைக் கணினியில் முடித்தேன். கொஞ்சம் ஸ்லைடு, கொஞ்சம் வீடியோ, கடைசியில் பத்துக் கேள்வி. எட்டு சரியாக இருந்தால் சான்றிதழ். பக்கத்து நாற்காலிக்காரி வீடியோவை மியூட்டில் ஓடவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே சான்றிதழ்தான்.

தெரியாதவர்களுக்கு: கலிஃபோர்னியாவில் 2019ல் எஸ்.பி. 464 (எஸ்.பி. என்றால் செனட் மசோதா) என்று ஒரு சட்டம் வந்தது. செனட்டர் ஹாலி மிட்செல் கொண்டுவந்தது. கர்ப்பம், பிரசவம் பார்க்கும் எல்லோருக்கும் இந்தப் பயிற்சி கட்டாயம், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மறுபடியும். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2021ல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவத்துக்குக் கறுப்பினத் தாய்மார் 69.9 பேர் இறந்தார்கள்; வெள்ளையர் 26.6. கோவிட் ஓய்ந்த பிறகு 2023ல் இது 50.3, 14.5 என்று இறங்கியது. இரண்டும் குறைந்தன, சரி. ஆனால் வகுத்துப் பாருங்கள். முன்பு இரண்டரை மடங்கு சொச்சம், இப்போது மூன்றரை மடங்கு.

சட்டம் 2020 ஜனவரியில் அமலுக்கு வந்தது. மாநில அட்டர்னி ஜெனரல் (தலைமைச் சட்ட அதிகாரி) அலுவலகம் 2021 ஆகஸ்டில் விசாரிக்கத் தொடங்கியபோது 17 சதவீத மருத்துவமனைகள்தான் பயிற்சியை ஆரம்பித்தே இருந்தன. முழுதாக முடித்தது ஒன்றுகூட இல்லை. மேலிடத்திலிருந்து கடிதம் வந்ததும் ஓட்டம். 2022 ஜூலைக்குள் 81 சதவீத ஊழியர்கள் முடித்துவிட்டார்களாம்.

என் கேள்வி இதுதான். மாநிலச் சட்டம் போட்டு இந்த இடைவெளியைக் குறைக்க முடியுமா? எங்காவது குறைந்திருக்கிறதா?

கடுக்கன்:

குறையாது. மனசைச் சட்டம் போட்டு மாற்ற முடியாது. உள்மனச் சார்பைக் குறைக்கும் முயற்சிகள் பற்றி 492 ஆய்வுகளைத் தொகுத்து 2019ல் ஒரு கட்டுரை வந்தது. சோதனையில் மதிப்பெண் கொஞ்சம் நகர்கிறது, நடத்தை நகர்வதாகக் காணோம் என்பதே அதன் சாரம். மருத்துவமனைக்கு ஒரு செக்பாக்ஸ், பயிற்சி விற்கும் கம்பெனிக்கு ஒரு வியாபாரம், சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு ஃபோட்டோ.

அப்புறம், தமிழ்க் குழுவில் இதைப் பேசுவதால் நமக்கு என்ன?

ஃப்ரீமாண்ட்_சேகர்:

நமக்கு என்னவா? சொல்கிறேன்.

எங்கள் அம்மாவுக்கு 71 வயது. கிரீன் கார்டு வாங்கி எங்களோடுதான் இருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் காலையில் வியர்த்து, சோர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். இங்கே பக்கத்திலேயே ஒரு அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். சக்கரம் வைத்த ஸ்டாண்டில் ஒரு டேப்லெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், வீடியோவில் மொழிபெயர்ப்பாளர். நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன். திரையில் வந்தவர் "நமஸ்தே" என்றார். அம்மாவின் கோப்பில் மொழி என்ற இடத்தில் யாரோ இந்தி என்று போட்டிருக்கிறார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். நான் "விடுங்கள், நானே சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அங்கேதான் தப்பு நடந்தது, என் தப்பும் சேர்த்து. அம்மா சொன்னது "நெஞ்சு கரிக்குது". நான் அதை வயிற்று அமிலம் மாதிரி மொழிபெயர்த்தேன். இடது தோள் வரை இழுக்கிறது என்று அம்மா இரண்டாவதாகச் சொன்னதை நான் சொல்லவே இல்லை, எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. அவர்களும் துருவிக் கேட்கவில்லை. அமிலத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஒன்பது நாள் கழித்து வேறொரு இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

இத்தனைக்கும் கலிஃபோர்னியாவில் 2003லேயே எஸ்.பி. 853 என்று சட்டம் உண்டு. இன்ஷூரன்ஸ் திட்டங்கள் எந்த மொழியானாலும் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும். விதிகள் நடைமுறைக்கு வர 2009 ஆயிற்று. மாசசூசெட்ஸ் அவசரப் பிரிவுகளில் 2001லிருந்தே கட்டாயம். மகனும் மருமகளும் பேசுவது மொழிபெயர்ப்பு ஆகாது என்பதற்குத்தான் இந்தச் சட்டமெல்லாம். கேட்கலாம் என்பதே எனக்கு அன்று தெரியாது. ஃபெடரல் அளவில் கிளின்டன் 2000ல் போட்ட மொழி உத்தரவை டிரம்ப் 2025 மார்ச்சில் ரத்து செய்துவிட்டார். ஆக இப்போது மாநிலச் சட்டம் இருக்கிறதா இல்லையா என்பது முன்பைவிட முக்கியம்.

தாமிரபரணி:

சேகர் அண்ணா, அம்மா இப்போது நலம்தானே?

மீனாக்காவின் கேள்விக்கு வருகிறேன். மருத்துவமனைத் தரவுகளோடு மாரடிப்பதுதான் என் வேலை. "எங்காவது குறைந்திருக்கிறதா" என்றால், உங்கள் ஊரிலேயே குறைந்திருக்கிறது. ஆனால் பயிற்சியால் அல்ல, தராசால்.

2006ல் கலிஃபோர்னியாவின் மகப்பேறு இறப்பு ஒரு லட்சத்துக்கு 16.9. 2013ல் 7.3. அதே காலத்தில் நாடு முழுக்க ஏறிக்கொண்டிருந்தது. ஸ்டான்ஃபோர்டை மையமாகக் கொண்ட ஒரு கூட்டமைப்பு ஒவ்வோர் இறப்பையும் எடுத்துப் பார்த்து, எங்கே தாமதம் என்று தேடியது. ரத்தப்போக்கில் ஒரே கதை திரும்பத் திரும்ப வந்தது. எவ்வளவு ரத்தம் போயிற்று என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்து மதிப்பிட்டார்கள், கண் எப்போதும் குறைத்தே சொல்லும். அதனால் நனைந்த துணியையும் பேடையும் தராசில் வையுங்கள் என்றார்கள். காய்ந்த எடையைக் கழித்தால் ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், மருந்து வண்டி வரும், ரத்த வங்கிக்கு ஃபோன் போகும்.

இதில் கவனிக்க வேண்டியது, மொத்த இறப்பு பாதிக்கு மேல் விழுந்தபோதும் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருந்தது. ஆனால் ரத்தப்போக்கு என்ற அந்த ஒரு விஷயத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், நடைமுறையை ஒழுங்காகக் கடைப்பிடித்த மருத்துவமனைகளில் கடும் பாதிப்பு கறுப்பினப் பெண்களுக்கே கூடுதலாகக் குறைந்து இடைவெளி சுருங்கியது. 2020ல் வந்த ஆய்வு. "அவள் கொஞ்சம் ஓவராகச் சொல்கிறாள்" என்று நினைக்க ஒருவருக்கும் வாய்ப்பே கொடுக்காமல் எடையைக் காட்டினால் இப்படி ஆகிறது. தராசுக்குத் தோலின் நிறம் தெரியாது.

கடுக்கன்:

அருமை. ஆனால் நீங்கள் என் பக்கம் அல்லவா பேசுகிறீர்கள்? அந்தக் கூட்டமைப்பில் மருத்துவமனைகள் விரும்பித்தானே சேர்ந்தன? சட்டமன்றத்துக்கு இதில் என்ன வேலை?

அட்லாண்டா_அருள்:

இங்கே ஜார்ஜியாவில் பொது மருத்துவம் பார்க்கிறேன். இரண்டு விஷயம்.

முதலில் தாமிரபரணிக்கு. தராசுக்கு நிறம் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்குத் தெரியும். 2020 டிசம்பரில் மிச்சிகனிலிருந்து வந்த ஆய்வு: ரத்தத்தில் ஆக்சிஜன் 92 முதல் 96 சதவீதம் என்று கருவி காட்டிய நோயாளிகளில், ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் உண்மையில் 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். கோவிட் உச்சத்தில் ஆக்சிஜன் யாருக்கு, படுக்கை யாருக்கு என்று இந்த எண்ணை வைத்துத்தானே முடிவெடுத்தோம்? கருவி வெளிச்சத்தைத் தோல் வழியாக அனுப்பி அளக்கிறது, தோல் கறுத்திருந்தால் தடுமாறுகிறது. என் விரலும் கறுப்புதான், நம்மில் நிறையப் பேர் விரல் கறுப்புதான்.

சிறுநீரகக் கணக்கு இதைவிட மோசம். ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளை வைத்துச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும் சூத்திரத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்கு என்று ஒரு வரி இருந்தது. 2009லிருந்து இருந்த சூத்திரம், அதற்கு முந்தையதிலும் இப்படி ஒரு பெருக்கல் உண்டு. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஏற அந்த விடை 20 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். ஒரே வயது, ஒரே ரத்தம். ஒருவருக்கு 18 என்று வந்தால் இன்னொருவருக்கு 21. முதலாமவர் பட்டியலில், இரண்டாமவர் வாசலில். 2021ல் அந்த வரியை எடுத்தார்கள். 2023 ஜனவரியிலிருந்து, பாதிக்கப்பட்டவர்களுக்குக் காத்திருந்த காலத்தைத் திருத்திக் கொடுக்கவும் செய்தார்கள். இதை எந்த மாநிலச் சட்டமும் செய்யவில்லை. மருத்துவச் சங்கங்களும், சத்தம் போட்ட மாணவர்களும் செய்தது.

இரண்டாவது, கடுக்கனுக்கு. சட்டமன்றத்துக்கு வேலை இருக்கிறது, ஆனால் அது பயிற்சி வகுப்பு அல்ல. இங்கே என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என் மனசில் சார்பு இருக்கிறதா இல்லையா என்று சோதிக்கும் வாய்ப்பே வருவதில்லை. அவர்கள் என்னிடம் வருவதற்குள் சர்க்கரை காலைத் தின்றுவிடுகிறது. இன்ஷூரன்ஸ் இல்லை. மெடிக்கெய்டை, அதாவது ஏழைகளுக்கான அரசு இன்ஷூரன்ஸை, இன்னும் அதிகம் பேருக்கு விரிவாக்குவதா வேண்டாமா என்பதை 2012ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. இன்றும் பத்து மாநிலங்கள் விரிவாக்கவில்லை. அதில் ஏழு தெற்கில்: டெக்சஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, டென்னசி, தென் கரோலைனா. நாட்டின் கறுப்பின மக்களில் பாதிக்கு மேல் வாழ்வதும் தெற்கில்தான். எங்கள் சட்டமன்றம் ஒரே ஒரு மசோதாவில் செய்யக்கூடியதைப் பத்தாயிரம் வகுப்புகள் செய்யாது.

நல்லதும் சொல்ல வேண்டும். முன்பு பிரசவத்துக்கான மெடிக்கெய்டு 60 நாளில் நின்றுவிடும். மகப்பேறு சார்ந்த இறப்புகளில் பாதிக்கு மேல் பிரசவம் முடிந்து ஒரு வாரத்துக்குப் பிறகு, ஒரு வருஷத்துக்குள் நடக்கின்றன. இதய வீக்கம், ரத்த அழுத்தம், மன அழுத்தம் எல்லாம் 60 நாள் கணக்குப் பார்த்தா வரும்? 2021ல் ஃபெடரல் அரசு பன்னிரண்டு மாதம் வரை நீட்டிக்க வழி திறந்தது. அநேகமாக எல்லா மாநிலங்களும் எடுத்துக்கொண்டன, ஜார்ஜியா உட்பட. சிவப்பு (குடியரசுக் கட்சி) மாநிலம், நீல (ஜனநாயகக் கட்சி) மாநிலம் என்ற சண்டை இதில் வரவில்லை, ஆச்சரியம்தான்.

மீனா_ஆர்என்:

அருள் சார், ஆக்சிமீட்டர் விஷயம் எங்கள் பயிற்சியில் ஒரு ஸ்லைடில்கூட இல்லை! "உங்கள் குழந்தைப் பருவ அனுபவங்களை நினைத்துப் பாருங்கள்" என்று மட்டும் மூன்று ஸ்லைடு இருந்தது.

பழைய_ஏடு:

சட்டத்தால் ஆகாது என்று கடுக்கன் தம்பி சொல்வதைக் கேட்டதும் எழுதத் தோன்றியது. ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் நான், நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடைவெளியின் ஒரு பகுதியைக் கட்டியதே சட்டம்தான். 1946ல் ஹில்-பர்ட்டன் சட்டம் என்று ஒன்று. நாடு முழுவதும் மருத்துவமனை கட்ட ஃபெடரல் பணம். அதில் "தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் போதும்" என்று ஒரு விதிவிலக்கைத் தெற்கத்திக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வட கரோலைனாவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊர். ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் மருத்துவர். பல்லில் சீழ் கட்டி முகம் வீங்கிய ஒரு நோயாளியை அங்கிருந்த பெரிய மருத்துவமனையில் சேர்க்க முடியவில்லை, கறுப்பினத்தவருக்கான மருத்துவமனையிலோ இடமில்லை. அரசுப் பணத்தில் கட்டிய மருத்துவமனை எங்களை எப்படி வெளியே நிறுத்தலாம் என்று 1962ல் வழக்குப் போட்டார். 1963ல் மேல்முறையீட்டில் ஜெயித்தார். அந்த மருத்துவமனை அமைப்பு 2016ல் மன்னிப்புக் கேட்டது, வழக்குப் போட்ட டாக்டர்களில் உயிரோடு இருந்த ஒருவரிடம்.

ஆனால் தீர்ப்பு வந்ததும் கதவு திறந்துவிட்டதா என்றால் இல்லை. 1964ல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது, அதன் ஆறாம் பிரிவு அரசுப் பணம் வாங்கும் இடத்தில் பாகுபாடு கூடாது என்றது. அப்போதும் பெரிதாக அசையவில்லை. 1966 ஜூலை 1 அன்று மெடிகேர் தொடங்குவதாக இருந்தது. வயதானவர்களின் சிகிச்சைக்கெல்லாம் அரசே பணம் தரும், ஆனால் வார்டுகளைப் பிரித்து வைத்திருக்கும் மருத்துவமனைக்கு ஒரு சல்லிக்காசு கிடையாது என்றார்கள். அந்தத் தேதிக்கு முந்தைய நான்கு மாதத்துக்குள் ஏறத்தாழ ஆயிரம் மருத்துவமனைகள் வார்டுகளை ஒன்றாக்கின. தலைமுறை தலைமுறையாக முடியாது என்று சொன்னவர்கள்! மிசிசிப்பியில் அதற்குப் பின் கறுப்பினச் சிசு மரணம் சரசரவென்று இறங்கியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

யாருடைய மனசும் அந்த நான்கு மாதத்தில் மாறியிருக்காது. கல்லாப்பெட்டி மாறியது.

கடுக்கன்:

இது நல்ல எடுத்துக்காட்டு ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஃபெடரல். மாநிலங்கள் அன்று எதிர்ப்பக்கம் நின்றன.

மதுரை_டாக்டரம்மா:

எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று. தமிழ்நாட்டில் 1994லிருந்து ஒவ்வொரு தாய் மரணத்தையும் தணிக்கை செய்கிறோம். 2018-20 கணக்கில் எங்கள் விகிதம் 54. மேலே மீனா போட்ட 69.9ஐப் பார்த்து இரண்டு முறை படித்தேன். மாதாந்திரத் தணிக்கைக் கூட்டத்தில் "எப்போது வலி என்றாள், எப்போது வண்டி வந்தது, யார் எத்தனை மணிக்குப் பார்த்தார்கள்" என்று கலெக்டர் முன்னால் பதில் சொன்னவர்களுக்குத் தெரியும், வகுப்பைவிட அந்த நாற்காலி எவ்வளவு கற்றுக்கொடுக்கும் என்று.

தாமிரபரணி:

அம்மா, இரண்டு நாட்டு எண்களும் கணக்கெடுக்கும் விதத்தில் வேறு, நேராக ஒப்பிடாதீர்கள். மற்றபடி தணிக்கை பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இங்கேயும் மாநிலங்களில் மறுஆய்வுக் குழுக்கள் உண்டு, பெரும்பாலும் மாநிலச் சட்டத்தால் அமைந்தவை. அவை ஆராய்ந்த இறப்புகளில் எண்பது சதவீதத்துக்கு மேல் தவிர்த்திருக்கக்கூடியவை என்று தேறியது.

ஆனால் எண்ணும் கையைக் கட்டவும் மாநிலத்துக்கு முடியும். அருள் சார் ஊரில் 2024 நவம்பரில் குழு உறுப்பினர்கள் அத்தனை பேரையும் மாநில சுகாதாரத் துறை நீக்கியது. இரண்டு இறப்புகள் பற்றிய ரகசிய விவரம் பத்திரிகைக்குப் போய்விட்டதாம், யார் கொடுத்தது என்று தெரியாததால் எல்லோரும் வெளியே. டெக்சஸ் குழு 2022, 2023 இறப்புகளை விட்டுவிட்டு 2024க்குத் தாவ முடிவு செய்தது. எந்த இரண்டு வருஷம் என்று பாருங்கள், அங்கே கருக்கலைப்புத் தடை வந்த உடனடிக் காலம்.

வில்வம்2:

எல்லாம் சரி, 2023ல் கலிஃபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான எஸ்.பி. 403 மசோதாவை கவர்னர் நியூசம் கையெழுத்திடாமல் நிராகரித்தாரே, அதை ஏன் ஒருத்தரும் பேசவில்லை?

நெறியாளர்:

அதற்குத் தனி இழை இருக்கிறது, 340 பதிவோடு பூட்டிக் கிடக்கிறது. இங்கே மருத்துவம் மட்டும்.

ஃப்ரீமாண்ட்_சேகர்:

எண்ணுவது பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. நம்மை "ஆசியர்" என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். ஜப்பானியர், ஹ்மாங், தமிழர், சீனர் எல்லாம் ஒன்று. மூட்டையின் சராசரியைப் பார்த்தால் எல்லோரும் ஆரோக்கியம். பிரித்துப் பார்த்தால் தெற்காசியர்களுக்கு இதயநோய் அதிகம், அதுவும் இளவயதில். ஒல்லியாக இருந்தாலும் சர்க்கரை வரும் என்பதால்தான் ஆசிய வம்சாவளியினருக்குப் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 23லேயே சோதிக்கச் சொல்லி அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015ல் வழிகாட்டியது. அம்மாவின் பி.எம்.ஐ. 23.6. "எடை நார்மல்" என்று எழுதியிருந்தார்கள்.

கலிஃபோர்னியாவில் 2016ல் ஏ.பி. 1726 (ஏ.பி. என்றால் கீழவை மசோதா) என்ற சட்டம் வந்தது. பொதுச் சுகாதாரத் துறை 2022க்குள் தரவுகளைப் பிரித்துத் தர வேண்டும். வங்கதேசத்தவர், பாகிஸ்தானியர், இலங்கையர் என்று தனித்தனிக் கட்டம். அதைக் கொண்டுவந்தவர் அப்போது சட்டமன்றத்தில் இருந்த ராப் பொன்டா. மீனாக்கா சொன்ன விசாரணையை 2023ல் அறிக்கையாக வெளியிட்ட அட்டர்னி ஜெனரலும் அதே ஆள்தான்.

கடுக்கன்:

சரி, என் நிலைப்பாட்டைக் கொஞ்சம் திருத்துகிறேன். பணத்துக்கு நிபந்தனை போடும் சட்டம் வேலை செய்கிறது. எண்ணச் சொல்லும் சட்டம் வேலை செய்யலாம், எண்ணுகிறவனை வேலையை விட்டு அனுப்பாத வரைக்கும். "நல்லவனாக இரு" என்று சொல்லும் சட்டம்தான் வீண். டாக்டர்களின் தொடர்கல்வியில் சார்பு பற்றிய பாடத்தைச் சேர்க்கச் சொன்ன ஏ.பி. 241 மேல் வழக்கு நடந்து, 2025ல் மாநிலம் ஜெயித்தது. செல்லும் என்று கோர்ட் சொன்னது, பயன்படும் என்று சொல்லவில்லையே.

மீனா_ஆர்என்:

முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். 2016ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளை மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள் 222 பேரிடம் கேட்டார்கள். கறுப்பினத்தவருக்குத் தோல் தடிப்பு என்கிற மாதிரி ஒரு தப்பான நம்பிக்கையாவது இருந்தவர்கள் பாதிப் பேர். அது மனச் சார்பு இல்லை, பாடத்தில் வந்த பிழை. பிழையைப் பாடத்தால் திருத்தலாமே.

ஆனால் பணம் பற்றி நீங்கள் சொன்னது பலிக்கிறது. பழைய எஸ்.பி. 464 சட்டத்தில் பயிற்சி செய்யாவிட்டால் என்ன என்பதற்குப் பதிலே இல்லை. 2024ல் ஏ.பி. 2319 போட்டுத் திருத்தினார்கள். இப்போது வருஷா வருஷம் பிப்ரவரி 1க்குள் அட்டர்னி ஜெனரலுக்கு ஆதாரம் அனுப்ப வேண்டும், தவறினால் முதல் முறை 5,000 டாலர், அடுத்து 15,000. பெரிய மருத்துவமனைக்கு அது டீச் செலவுதான். இருந்தும் எங்கள் மேனேஜர் ஜனவரியில் யார் முடிக்கவில்லை என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டுகிறார். இதுவரை அந்தச் சுவரில் ஒட்டிய பட்டியல் பார்க்கிங் பாஸ் மட்டும்தான்.

சேகர், அம்மாவின் கோப்பில் மொழியை மாற்றிவிட்டீர்களா? அடுத்த முறை சந்திப்பு வாங்கும்போதே, அறைக்குள் போவதற்கு முன்னாலேயே, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வீடியோவில் கிடைக்காவிட்டால் ஃபோனில் கேளுங்கள், ஃபோனில் அநேகமாகக் கிடைக்கும். நீங்கள் பக்கத்தில் உட்காரலாம். பேச வேண்டாம்.

ஃப்ரீமாண்ட்_சேகர்:

நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இன்று ஃபோன் செய்தேன். மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். வைத்த ஐந்து நிமிஷத்தில் உறுதிப்படுத்தும் மெசேஜ் வந்தது: விருப்ப மொழி, டகாலோக். பிலிப்பைன்ஸ்காரர்கள் பேசும் மொழி. பட்டியலில் தமிழுக்கு மேலே இருப்பது அதுதான் போல. மறுபடியும் அழைத்திருக்கிறேன், வரிசையில் பதினாலாவது ஆள்.